அப்பாவுக்கு ஒரு வீட்டுச் சாவி கொடுங்கள்

கேள்வி: நான் நீலகிரியில், குன்னூர் பக்கம் அருவங்காட்டில் பிறந்து வளர்ந்தவள். கல்யாணமாகி இப்போது இங்கிலாந்தில், லண்டனுக்கு மேற்கே உள்ள ரெடிங் நகரில் இருக்கிறேன். கணவருக்கு வீட்டிலிருந்தே வேலை. நான் வாரத்தில் மூன்று நாள் அலுவலகம் போகிறேன். மகனுக்கு ஆறு வயது. அப்பா அங்குள்ள கார்டைட் (வெடிமருந்து) ஃபாக்டரியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், வயது 71. அம்மாவுக்கு 66, சர்க்கரை உண்டு. இரண்டு வருடத்துக்கு முன் டிசம்பரில் வந்தார்கள். லண்டன், எடின்பரோ, ஸ்டோன்ஹெஞ்ச் எல்லாம் காட்டினோம். இரண்டாவது வாரமே அப்பா ஜன்னல் பக்கம் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துவிட்டார். "டிக்கெட்டை முன்னாடி மாத்த முடியுமாம்மா?" என்று கேட்டார். அம்மா சமையலறையை விட்டு வெளியே வரவே இல்லை. அவர்கள் கிளம்பிய பிறகு எனக்கும் கணவருக்கும் பெரிய சண்டை. இந்த மே கடைசியில் மறுபடியும் வருகிறார்கள், ஆகஸ்ட் கடைசி வரை இருப்பார்கள். இந்த முறை கோத்தகிரி அத்தையும் கூட வருகிறார். அப்பாவின் தங்கை, மாமா இப்போது இல்லை. விசா வந்துவிட்டது, அடுத்த வாரம் டிக்கெட் போட வேண்டும். இரண்டு வாரம் லீவு எடுத்து, பாரிஸ் உட்பட 14 இடங்களுக்குப் பட்டியல் போட்டிருக்கிறேன். இந்த முறையாவது அவர்கள் சந்தோஷமாக இருக்க என்ன செய்வது? ஜூலை கடைசியில் மகனுக்குப் பள்ளி விடுமுறை. அப்போது அவர்கள் இருந்தால் எங்களுக்கும் உதவியாக இருக்கும்.
— ஒரு வாசகி, ரெடிங்

பதில்: குடும்ப நல ஆலோசகர், குன்னூர்

அன்புள்ள சகோதரிக்கு,

முதலில் அந்தப் பட்டியலில் இருந்து பாரிஸை எடுத்துவிடுங்கள். இந்தியப் பாஸ்போர்ட்டில் பிரிட்டன் விசா மட்டும் வைத்திருப்பவர்கள் பிரான்சுக்குள் போக முடியாது. அதற்குப் பல ஐரோப்பிய நாடுகளுக்குப் பொதுவான ஷெங்கன் விசா தனியாக வாங்க வேண்டும். மூன்று பெரியவர்களை இன்னொரு விசா அலைச்சலில் இழுத்துவிட வேண்டாம். மீதி 13 இடங்களில் மூன்றையோ நான்கையோ வைத்துக்கொள்ளலாம். எவை என்று பிறகு சொல்கிறேன்.

உங்கள் அப்பா ஏன் ஜன்னல் பக்கம் போய் உட்கார்ந்தார் என்பதுதான் இந்தக் கடிதத்தில் எனக்கு முக்கியமாகப் படுகிறது. பிள்ளைகளைப் பார்க்க வெளிநாடு போய்த் திரும்பிய பெற்றோர் பலர் என்னிடம் பேச வருகிறார்கள். ஊர் சுற்றிக் காட்டவில்லை என்று குறைப்பட்டவர்கள் குறைவு. "ஒரு பேப்பர் வாங்கணும்னாலும் பிள்ளையைக் கேட்கணும்" என்று சொல்லி நிறுத்திக்கொள்பவர்களே அதிகம். அதற்கு மேல் அவர்களுக்குச் சொல்ல வராது. பெற்ற பிள்ளையைக் குறை சொன்னதாக ஆகிவிடுமே என்ற தயக்கம்.

அருவங்காட்டில் ஓய்வு பெற்றவர்களின் காலைப்பொழுது எப்படிப் போகும் என்று உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். ஸ்வெட்டரும் மப்ளருமாகச் சரிவில் இறங்கிப் போய் ஒரு டீ. கடையிலேயே பேப்பர். வழியில் நாலு பேரிடம் நாலு வார்த்தை. பத்தரை, பதினொன்றுக்குப் பஸ் பிடித்துக் குன்னூர் மார்க்கெட், பீன்ஸ் என்ன விலை, கேரட் என்ன விலை. மத்தியானச் சாப்பாட்டுக்கு வீடு. இதில் எதற்கும் அவர் யார் அனுமதியும் கேட்பதில்லை. எழுபத்தொரு வயதில் மேட்டில் ஏறி இறங்குகிறவர் அவர். உங்கள் வீட்டுக்கு வந்ததும் கதவு திறக்கத் தெரியாது, பஸ் ஏறத் தெரியாது, கையில் காசு இல்லை, போன் வேலை செய்யாது. அதுவும் டிசம்பரில், நாலு மணிக்கே இருட்டும் ஊரில். ஜன்னலை விட்டால் அவருக்கு வேறு என்ன இருந்தது?

அதனால் நீங்கள் எடுத்திருக்கும் இரண்டு வார லீவில் முதல் வாரத்தை ஊர் சுற்றச் செலவழிக்காதீர்கள். அப்பா தனியாக வெளியே போய்த் திரும்பப் பழக்குவதற்கு அதை வைத்துக்கொள்ளுங்கள். முதல் நாளே அவர் கையில் வீட்டுச் சாவியைக் கொடுங்கள். அங்குள்ள கதவுகள் பலவும் சாத்தினால் தானாகப் பூட்டிக்கொள்ளும். சிலவற்றில் கைப்பிடியை மேலே தூக்கிவிட்டுத்தான் சாவியைத் திருப்ப வேண்டும். ஒரு முறை குப்பை போட வந்து வெளியே மாட்டிக்கொண்ட பெரியவர் அதற்குப் பிறகு அந்தக் கதவைத் தொடவே மாட்டார். நீங்கள் உள்ளே நின்றுகொண்டு, அவரை வெளியே நிற்க வைத்து, நாலைந்து முறை பூட்டித் திறக்கச் சொல்லுங்கள். வாழ்நாள் முழுக்க இயந்திரங்களோடு இருந்தவருக்கு இது ஐந்து நிமிட வேலை. யாரும் சொல்லிக் கொடுக்காததால்தான் அவருக்குத் தெரியவில்லை.

அடுத்தது பஸ். அங்கே நிறுத்தத்தில் சும்மா நின்றால் பஸ் நிற்காமல் போய்விடலாம். கை காட்ட வேண்டும். இறங்குவதற்குப் பொத்தானை அமுக்க வேண்டும். அந்த நாட்டு முதியவர்களுக்கு உள்ள இலவச பாஸ், பார்க்க வந்தவர்களுக்குக் கிடையாது. ஆனால் இங்கிலாந்தில் பெரும்பாலான பஸ்களில் ஒரு பயணத்துக்கு 3 பவுண்டுக்கு மேல் வாங்குவதில்லை என்ற உச்சவரம்பு 2025 முதல் இருக்கிறது. இங்கிருந்தே வெளிநாட்டுப் பணம் ஏற்றும் பயண அட்டையில் (ஃபாரெக்ஸ் கார்டு) பவுண்டு ஏற்றி எடுத்து வரச் சொல்லுங்கள். மூவருக்கும் தனித்தனியாக வேண்டும், ஒரே அட்டையை மூன்று பேர் தட்ட முடியாது. உள்ளூர் சிம் கார்டு, சட்டைப் பையில் ஆங்கிலத்தில் முகவரியும் உங்கள் எண்ணும் எழுதிய சீட்டு, அவ்வளவுதான் சாமான். இரண்டு மூன்று நாள் கூடவே போங்கள். அப்புறம் ஒரு நாள் அவரை முன்னால் நடக்கவிட்டு நீங்கள் பின்னால் போங்கள். அதற்கடுத்த நாள் அவர் தனியாகப் போகட்டும்.

எங்கே போவது? உங்கள் ஊர் ஃபோர்பரி தோட்டத்துக்குப் போகலாம். அங்கே பெரிய சிங்கச் சிலை ஒன்று நிற்கிறதே, 1880-ல் ஆப்கானிஸ்தானில் மைவாண்ட் போரில் இறந்த சிப்பாய்களுக்காக 1886-ல் வைத்தது. ராணுவத்துக்கு வெடிமருந்து செய்த தொழிற்சாலையில் காலம் கழித்தவர் அதைப் பற்றி உங்கள் மகனுக்குச் சொல்ல எவ்வளவோ வைத்திருப்பார். பொது நூலகத்துக்குள் உட்கார்ந்து படிக்க யாரும் காசு கேட்பதில்லை. தினமும் ஏதாவது ஒரு சின்னச் சாமானை அவர் பொறுப்பில் விடுங்கள். பாலோ ரொட்டியோ, அவர் வாங்கி வந்தால்தான் உண்டு என்று இருக்கட்டும்.

இப்போது சுற்றுலா இடங்கள். உங்களை விட அவர்களுக்கு அதிகம் தெரிந்திருக்கக் கூடிய இடங்களாகப் பார்த்து அழைத்துப் போங்கள். வேல்ஸில் லான்பெரிஸ் என்ற ஊரிலிருந்து ஸ்னோடன் மலைக்கு ஒரு ரயில் போகிறது. 1896-ல் திறந்தது. நம் மேட்டுப்பாளையம்–குன்னூர் ரயில் 1899-ல் ஓடத் தொடங்கியது. இரண்டும் ஒரே ஆப்ட் முறை: தண்டவாளத்துக்கு நடுவே பல்சட்டம், எஞ்சினில் பல்சக்கரம். அங்கே ஏற்றம் நம்முடையதை விடச் செங்குத்து. அருவங்காடு ஸ்டேஷனைத் தினமும் பார்த்து வளர்ந்த மனிதர் அந்த ரயிலில் உட்கார்ந்தால், கல்லாறிலிருந்து பல்சட்டம் எப்படித் தொடங்குகிறது என்று அவர்தான் உங்களுக்குச் சொல்லிக்கொண்டு வருவார். ரெடிங்கிலிருந்து தூரம் அதிகம், அதனால் இரண்டு இரவு தங்குங்கள். டிக்கெட்டை முன்கூட்டியே போட்டுவிடுங்கள். காற்று பலமாக இருந்தால் உச்சி வரை விடமாட்டார்கள். அதை முன்பே சொல்லி வையுங்கள்.

அம்மாவுக்கும் அத்தைக்கும் லண்டனில் உள்ள கியூ தாவரவியல் தோட்டம். நம் ஊட்டி தாவரவியல் பூங்காவை அமைக்க 1848-ல் வந்த மெக்ஐவர் கியூவில் பணியாற்றியவர். கியூவின் ஏற்பாட்டில் தென்னமெரிக்காவிலிருந்து வந்த சின்கோனா என்ற மலேரியா மருந்து மரம்தான் 1860-களில் தொட்டபெட்டாவிலும் நடுவட்டத்திலும் வளர்ந்தது. கண்ணாடி வீடுகளுக்குள் சூடாக இருக்கும், உட்கார இடமும் நிறைய உண்டு. அன்று முழுக்க அங்கேயே இருங்கள், அதோடு இன்னொரு இடத்தைச் சேர்க்காதீர்கள். லண்டனை ஒரு நாள் ரயிலில் போய்ப் பார்க்கலாம். எலிசபெத் லைன் ரெடிங்கிலிருந்தே நேராகப் போகிறது. இவற்றோடு அவர்களாகக் கேட்கும் ஒரு இடம். போதும்.

அப்பா வெளியே டீ குடிக்க மறுத்தால் வற்புறுத்தாதீர்கள். எந்த விலையைப் பார்த்தாலும் அவர் மனசு நூறால் பெருக்கிவிடும். பிளாஸ்கில் டீ எடுத்துப் போங்கள். காய்கறிக்கோ ரயில் டிக்கெட்டுக்கோ அவர் காசு கொடுக்க வந்தால் வாங்கிக்கொள்ளுங்கள். "நீங்க எதுக்குப்பா" என்று ஒவ்வொரு முறையும் தடுத்தால் அவர் மறுபடியும் விருந்தாளி ஆகிவிடுகிறார்.

சமையலறைக்கு வருவோம். அம்மா போன முறை அதை விட்டு வெளியே வராததற்கும் அப்பா ஜன்னலை விட்டு நகராததற்கும் காரணம் ஒன்றுதான். அம்மாவுக்குத் தெரிந்த இடம் அது ஒன்றே. இந்த முறை நிலைமை கொஞ்சம் சிக்கலானது, ஏனென்றால் கூட நாத்தனாரும் வருகிறார். தீபாவளிக்கும் கோயில் திருவிழாவுக்கும் சந்தித்துக்கொள்ளும்போது அண்ணியும் நாத்தனாரும் நல்ல பிரியமாகத்தான் இருப்பார்கள். மூன்று மாதம் ஒரே அடுப்பில் நிற்பது வேறு. ரசத்துக்குப் பூண்டு தட்டுவதில் ஆரம்பிக்கும். இருவரும் உங்களிடம் தனித்தனியாக வந்து சொல்வார்கள், நீங்கள் யார் பக்கம் பேசினாலும் தப்பாகிவிடும்.

அத்தையின் நிலை மூவரில் நலிந்தது. உங்கள் அம்மா அப்பாவுக்கு மகள் வீடு. அத்தைக்கு அது அண்ணன் மகள் வீடு. உபகாரமாக அழைத்து வந்திருக்கிறார்கள் என்ற எண்ணம் அவருக்குள் இருக்கும். அந்தக் கடனைத் தீர்க்க விடிவதற்கு முன் எழுந்து பாத்திரம் கழுவுவார், எல்லோருக்கும் தோசை சுட்டுவிட்டுக் கடைசியில் சாப்பிடுவார். தடுக்காவிட்டால் ஆகஸ்ட் வரை உங்கள் வீட்டில் சம்பளமில்லாத சமையல்காரராகவே இருப்பார். வாரத்தில் எந்தெந்த நாள் யார் சமையல் என்று வந்த முதல் ஞாயிறே பேசி முடிவு செய்யுங்கள். அதில் உங்களுக்கும் கணவருக்கும் நாட்கள் இருக்கட்டும். அத்தைக்கு எங்கே படுக்கை போடப் போகிறீர்கள் என்று நீங்கள் எழுதவில்லை. ஹாலில் சோபா என்றால் ஒரு வாரத்துக்குச் சரி, மாதக்கணக்கில் கூடாது. எல்லோரும் தூங்கப் போகும் வரை அவர் படுக்க முடியாது, எல்லோருக்கும் முன்னால் எழுந்து மடித்து வைக்கவும் வேண்டும். மகனை உங்கள் அறைக்கு மாற்றி அவன் அறையை அத்தைக்குக் கொடுங்கள். கதவைச் சாத்திக்கொண்டு அழவோ தூங்கவோ அவருக்கு ஒரு இடம் வேண்டும்.

கோத்தகிரியில் அவருக்குத் தேயிலைத் தோட்டம் ஏதாவது இருக்கிறதா, கொஞ்சமாகவாவது? இருந்தால் அவர் மனசு பாதி அங்கேதான் இருக்கும். யார் இலை பறிக்கிறார்கள், பச்சைத் தேயிலை இன்று என்ன விலைக்குப் போனது என்று தினமும் கேட்க வேண்டும் அவருக்கு. கோடையில் உங்களுக்கும் நமக்கும் நாலரை மணி நேர வித்தியாசம். உங்கள் காலை பத்து மணிக்கு இங்கே மத்தியானம் இரண்டரை. அந்த நேரத்தைப் போனுக்கு ஒதுக்கி வையுங்கள். அதை யாரும் கேலி செய்யாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

தாளிக்கும்போது புகை அலாரம் அலறும். கடுகும் மிளகாயும் எண்ணெயில் விழுந்த நொடியில் வீடே அதிரும்படி ஒரு சத்தம் வந்தால் 66 வயதுப் பெண்மணிக்குத் தூக்கிவாரிப்போடும். ஏதோ தப்புச் செய்துவிட்டோம் என்று நினைத்து மறுநாள் தாளிக்காமலே சாம்பார் வைப்பார். வந்த அன்றே நீங்களே தாளித்து அலாரத்தை ஒலிக்கவிட்டு, எப்படி நிறுத்துவது என்று காட்டுங்கள். அலாரத்தை மட்டும் துணியால் மூடிவிடாதீர்கள்.

குளியலறையைப் பற்றி யாரும் பேசுவதில்லை, நான் பேசிவிடுகிறேன். நம் வீடுகளில் பக்கெட்டில் வெந்நீர் பிடித்து, மணைக்கட்டையில் உட்கார்ந்து, சொம்பால் ஊற்றிக் குளிப்பார்கள். அங்கே தரையில் தண்ணீர் போக வழியே இருக்காது. தொட்டிக்குள் காலைத் தூக்கி வைத்து ஏற வேண்டும், வழவழப்பாக இருக்கும். பெரியவர்கள் விழுவது அங்கேதான். தொட்டிக்குள் வழுக்காத ரப்பர் விரிப்பு, ஒரு பிளாஸ்டிக் ஸ்டூல், பக்கெட், மக், சுவரில் உறுதியான கைப்பிடி, கழிவறையில் தண்ணீர் மக். இதெல்லாம் அவர்கள் வருவதற்கு முன்பே இருக்கட்டும். கேட்க அவர்களுக்குக் கூச்சமாக இருக்கும்.

இனி உங்கள் கடிதத்தின் கடைசி வரி. பள்ளி விடுமுறையில் அவர்கள் இருந்தால் உதவி என்று போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். நான் அதை அப்படி விடமாட்டேன். அங்கே கோடை விடுமுறை சுமார் ஆறு வாரம். இரண்டு பேரும் வேலைக்குப் போகும் வீட்டில் ஆறு வயதுப் பையனை அத்தனை நாளும் குழந்தைகளுக்கான விடுமுறை முகாமுக்கு அனுப்பப் பணம் நிறைய ஆகும். பெற்றோரின் உதவி வேண்டும் என்று நினைப்பதில் தப்பில்லை, பேரனோடு இருக்க அவர்களுக்கும் ஆசைதான். ஆனால் விடுமுறைக்கு வாருங்கள் என்று கூப்பிட்டுவிட்டுப் பிள்ளையைக் கையில் கொடுத்துப் போவதும், பேரனைப் பார்த்துக்கொள்ள முடியுமா என்று கேட்டுக் கூப்பிடுவதும் ஒன்றல்ல. முதலாவதில் அவர்கள் மறுக்கவே முடியாது. சட்டமும் ஒன்று இருக்கிறது. விசிட்டர் விசாவில் வந்தவர்கள் அங்கே வேலை செய்யக் கூடாது. வந்த இடத்தில் உறவுமுறையில் பேரனைப் பார்த்துக்கொள்வது வேறு. குழந்தை பார்க்கும் ஆள் போல ஆகிவிடக் கூடாது.

என் யோசனை இது: வாரத்தில் மூன்று நாள் மகனை முகாமுக்கு அனுப்புங்கள். இரண்டு நாள் தாத்தா பாட்டியோடு இருக்கட்டும், அந்த நாட்களில் ஒருவராவது சீக்கிரம் வேலையை முடியுங்கள். திரும்பும் தேதியை ஆகஸ்ட் நடுவுக்குக் கொண்டுவர முடிந்தால் கொண்டுவாருங்கள். ஒவ்வொரு வருகைக்கும் ஆறு மாதம் வரை தங்க அந்த விசா இடம் கொடுக்கும்தான். அதற்காக மனசும் இடம் கொடுக்கும் என்று சொல்ல முடியாது. முதல் முறையாக வருகிற அத்தைக்கு மூன்று மாதம் அதிகம்.

உங்கள் கணவர் வீட்டிலிருந்து வேலை செய்கிறார். மாப்பிள்ளை காதில் ஹெட்போனோடு கதவைச் சாத்திக்கொண்டால், நம் மேல் ஏதோ கோபம் என்றுதான் மாமனார் நினைப்பார். டிவியை அணைத்துவிட்டுக் குசுகுசுவென்று பேசுவார்கள். மாப்பிள்ளைக்கோ தன் வீட்டிலேயே மூச்சுவிட முடியாத நிலை. கடைசியில் உங்களிடம் வெடிக்கும். போன முறை அவர்கள் கிளம்பிய பிறகு வந்த சண்டைக்கு இதில் ஏதாவது பங்கு இருந்ததா என்று இப்போதே அவரைக் கேளுங்கள். மீட்டிங் நேரத்தைத் தமிழில் எழுதிக் கதவில் ஒட்டச் சொல்லுங்கள். மத்தியானச் சாப்பாட்டுக்கு மட்டும் அவர் மாமனாரோடு உட்காரட்டும். வாரத்தில் ஒரு மாலை நீங்கள் இருவரும் தனியாக வெளியே போங்கள். பெரியவர்கள் அதைத் தப்பாக நினைக்க மாட்டார்கள், சந்தோஷப்படுவார்கள்.

உடல்நலம் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். அம்மாவின் சர்க்கரையை மறைக்காமல் எழுதி, ஏற்கெனவே உள்ள நோய்க்கும் சேர்த்துப் பயணக் காப்பீடு எடுங்கள். அவசரப் பிரிவில் பார்ப்பது இலவசம்தான். ஆனால் வார்டில் சேர்த்துவிட்டால் பார்க்க வந்தவர்களிடம் வழக்கமான கட்டணத்தில் ஒன்றரை மடங்கு வாங்குவார்கள். மாத்திரைகள் தங்கும் நாளுக்கு மேல் கொஞ்சம் கூடுதலாக, மருத்துவர் சீட்டோடு கைப்பையில் இருக்க வேண்டும். இன்சுலின் போடுகிறவர் என்றால் அதைப் பெட்டியில் போட்டு விமானத்தின் அடியில் அனுப்பக் கூடாது, உறைந்துவிடலாம். பயண நாளில் எந்த வேளைக்கு எவ்வளவு என்பதை இங்கே அவர் மருத்துவரிடமே கேட்டு எழுதி வாங்கட்டும். ஜூனில் உங்கள் ஊரில் ராத்திரி ஒன்பதே கால் வரை வெளிச்சம் இருக்கும், விடிகாலை ஐந்துக்கு முன்பே விடிந்துவிடும். வெளிச்சத்தைப் பார்த்து அம்மா சாப்பாட்டைத் தள்ளிப்போடுவார். கடிகாரத்தைப் பார்த்துச் சாப்பிடச் சொல்லுங்கள், அறைக்குத் தடித்த திரை போடுங்கள்.

விமானம் சென்னையிலிருந்தோ பெங்களூரிலிருந்தோ நேராக லண்டன் வருவதாக இருக்கட்டும். மூவருக்கும் சக்கர நாற்காலி உதவியை டிக்கெட்டோடு சேர்த்தே கேளுங்கள். நடக்க முடியாதவருக்குத்தானே அது என்று அப்பா மறுப்பார். குடியேற்ற வரிசையில் மணிக்கணக்கில் அம்மா நிற்க வேண்டாம் என்று சொல்லுங்கள், ஒப்புக்கொள்வார். மே மாதம் சீசன். மலைப்பாதையில் நெரிசல் எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியும். முதல் நாளே கீழே இறங்கிக் கோயம்புத்தூரில் தங்கட்டும். நெய், பால்கோவா போன்ற பால் பண்டங்களையும் இறைச்சி வகைகளையும் (கருவாடு இதில் சேராது) இந்தியாவிலிருந்து அங்கே கொண்டு போக அனுமதி இல்லை. தேயிலையும் வர்க்கியும் பெட்டி நிறைய வரட்டும்.

டிக்கெட் போடுவதற்கு முன் இந்த ஞாயிற்றுக்கிழமை போன் செய்யுங்கள். முதலில் அத்தையிடம் பேசுங்கள், அண்ணன் பக்கத்தில் இல்லாத நேரமாகப் பார்த்து. எத்தனை நாள் இருக்க முடியும் என்று அவர் வாயால் சொல்லட்டும். உங்கள் அப்பா அம்மா சொல்வதற்காக அத்தை ஒத்துக்கொள்கிறாரா என்பது குரலிலேயே தெரிந்துவிடும். பிறகு அப்பாவிடம் கேளுங்கள்: "போன தடவை உங்களுக்கு எதுப்பா கஷ்டமா இருந்துச்சு?" முதலில் ஒன்றுமில்லை என்பார். போனை வைத்துவிடாதீர்கள், கொஞ்சம் காத்திருங்கள். அவர் சொல்வது நான் மேலே எழுதியதற்கு மாறாக இருந்தால், அவர் சொன்னபடியே செய்யுங்கள்.